மாலையில் ஒரு பெரட்டு

“ஜூலை, முதல் திங்கட்கிழமை. காலைப் பெரட்டுக்குக் கல்வி அலுவலகம் வரவில்லை. பேர் இல்லை. மாலையில் வந்தார். இரண்டாம் பெரட்டு. வானம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை.”

எங்கள் வீட்டுச் சுவர்க் காலண்டரில், அந்தத் தேதியின் கட்டத்துக்குள் நான் பென்சிலால் எழுதிய வரிகள் இவை. இடம் போதாமல் மழையைப் பற்றிய வரி செவ்வாய்க்கிழமைக்குள் நுழைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்ட வருடத்திலிருந்து இப்படி எழுதி வருகிறேன். சாவு, கல்யாணம், தண்ணீர் நின்ற நாள், பஸ் வராத நாள் எல்லாம் அந்தக் கட்டங்களில் இருக்கின்றன. பழைய காலண்டர்களை நான் எறிவதில்லை. தோட்டங்களைப் பற்றி யார் எழுதியது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவேன். துரைமார் எழுதிய நினைவுகள், அரசாங்க அறிக்கைகள், சங்கத்து மலர்கள் என்று எத்தனையோ. மாலையில் பெரட்டு நடந்ததாக அவற்றில் எங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் இதைக் கட்டத்துக்கு வெளியே, விரிவாக எழுதி வைக்கிறேன்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். “இருக்கேன்” என்று குரல் வந்தால் அன்றைக்குப் பேர் விழும், வேலை உண்டு. குரல் வராவிட்டால் பேர் இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது. மண்டோர் “கலையலாம்” என்று சொல்லும்வரை யாரும் நகரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

மலேசியாவில், பெடாஸ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்தில் இப்போது எங்களில் யாரும் வேலை செய்வதில்லை. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான். அவர்களுடைய பெரட்டு ஆபீஸ் வாசலில் நடக்கிறது. நாங்கள் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இருந்துகொண்டு, விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி சுங்கை காடுட்டுக்குப் போகிறோம். லயத்துக்குக் கீழே பழைய பெரட்டுத் திடல் சும்மா கிடக்கிறது. திருவிழாவுக்குக் கூடாரம் போட்ட குழிகள் அதில் இன்னும் மூடவில்லை. அதன் ஓரத்தில் ஆயாக் கொட்டகை.

பால் மரம் சீவப் போன தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போன இடம் அது. மரம் போனாலும் கொட்டகை நின்றது. இப்போதைய ஆயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் மாதாமாதம் ஆளுக்கு ஏதோ கொடுப்போம். தண்ணீரும் மின்சாரமும் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஏன் வருகின்றன என்று கம்பெனியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரிய பிள்ளைகளை ஆயா காலையில் திடலைக் கடந்து தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் விட்டு, மதியம் அழைத்துவந்து சோறு போடுவார். பஸ் திரும்பும்வரை எல்லாரும் அங்கேதான்.

ஏப்ரலில் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். இது பதிவு பெறாத குழந்தைப் பராமரிப்பு இடம், ஜூலை முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று இருந்தது. விதிகளை வாங்கிப் படித்தேன். ஒன்றையும் தவறென்று சொல்ல முடியவில்லை. தீப்பிடித்தால் ஓட இரண்டாவது வாசல், பயிற்சி பெற்ற ஆள், கட்டட உரிமையாளரின் சம்மதம். நியாயம்தான். கம்பெனியிடம் போனோம். கட்டடம் எங்களுடையது, பிள்ளைகள் எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நல அலுவலகத்தில், நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் எங்களைச் சேர்ந்தது, கட்டடத்தைப் பற்றிக் கம்பெனியிடம் கேளுங்கள் என்றார்கள். கல்வி அலுவலகத்தில், பாலர் வகுப்பு எங்களுடையது, அது மதியத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகு நடப்பது எங்களுக்குத் தெரியாது என்றார்கள். சட்டமன்ற உறுப்பினரின், எங்கள் பேச்சில் ஒய்.பி.யின், சேவை மையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் மற்றவர்களைவிட என் தங்கச்சிக்குத்தான் கழுத்துவரை வந்திருந்தது. அவள் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். அவள் நான் வேலை செய்யும் அதே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நிற்கிறாள். ஆகஸ்டிலிருந்து லைன் லீடர் ஆக்குகிறோம், முதல் மூன்று மாதம் ஒரு நாள்கூட லீவு எடுக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவள் மகளுக்குச் செப்டம்பரில் நான்கு வயது. பெடாஸ் டவுனில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள்.

“கூடுதலா வர்ற சம்பளத்தை அப்படியே அங்க கொடுத்துடலாம்க்கா. அதுவும் அவங்க ஏழு மணிக்குத்தான் கதவு திறப்பாங்க. நம்ம பஸ் ஆறுக்கு முன்னாடியே போயிடும். வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

“ஜூலை முடியட்டும்,” என்றேன். வேறு என்ன சொல்வது.

அடுத்த நாள் பஸ்ஸில் பேச்சு இதுதான். கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் செய்கிற அக்கா ஒருவர் எங்களுக்குப் பின் சீட்டில் உட்காருவார். வாய் சும்மா இருக்காது.

“நாலு ஆபீசு, நாலு கதவு. ஒண்ணைத் தட்டினா அடுத்ததைக் கை காட்டுறானுங்க,” என்றார் அவர்.

“பேசாம நாலு பேரையும் பெரட்டுக்குக் கூப்பிடு லா,” என்றாள் தங்கச்சி. “யார் இருக்கா, யார் இல்லைன்னு தெரிஞ்சிரும்.”

“ஒய்.பி. வருவாராக்கும்? அவருக்கு விடியறதே பத்து மணிக்கு.”

“வந்தா பேரு போடு. வராட்டி வெட்டு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். சுங்கை காடுட் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது சிரிப்பு நின்றிருந்தது. அந்த அக்காதான் முன்னால் குனிந்து, என்னைப் பார்த்து, “கடுதாசி யாரு எழுதுறது, நீதானே?” என்றார்.

நான்கு கடிதங்கள் எழுதினேன், மலாயில். பெரட்டு என்பதற்கு அந்த மொழியில் நேர்ச் சொல் தெரியாமல், கூட்டம் என்று எழுதி, பெயர் கூப்பிடப்படும் என்று சேர்த்தேன். நாள், நேரம், இடம் எல்லாம் குறிப்பிட்டுத் தாய்மார் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமை நல அலுவலகத்திலிருந்து ஒரு மலாய் அம்மாள் போன் செய்தார். ஐந்தரை என்றால் காலையா, மாலையா என்று கேட்டார். காலைதான் என்றேன். வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது. பெரட்டு எந்த ஊரில் மாலையில் நடக்கும்?

கூப்பிடுவதற்கு ஆள் வேண்டுமே. மண்டோர் மாமா வேலையை விட்டு வெகு காலம் ஆகிறது, ஆனால் குரல் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கம்பெனிக்காக உங்களைக் கூப்பிட்டிருக்கேன். உங்க அம்மாவைக் கூப்பிட்டிருக்கேன். கம்பெனியையே கூப்பிடணுமா? நானா?”

“நீங்கதான் மாமா.”

“பூட்ஸ் எங்க கிடக்குதோ தெரியல,” என்று எழுந்து உள்ளே போனார்.

திங்கட்கிழமை விடியுமுன் திடலில் பனி இறங்கியிருந்தது. தொழிற்சாலைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றோம். பிள்ளைகள் தோளில் தூங்கின. பஸ் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். மண்டோர் மாமா காக்கிக் கால்சட்டை, பூட்ஸ். கம்பெனியிலிருந்து இளம் உதவி மானேஜர் ஜீப்பில் வந்தார். நல அலுவலகத்து அம்மாள் தன் சின்னக் காரிலிருந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே இறங்கினார். வெள்ளைச் சட்டையில் ஓர் இளைஞர், ஒய்.பி.யின் உதவியாளர்.

மண்டோர் மாமா ஆட்களின் பெயரைக் கூப்பிடவில்லை. ஆபீஸ்களைக் கூப்பிட்டார்.

“கம்பெனி!”

“இருக்கேன்,” என்றார் உதவி மானேஜர், கொஞ்சம் வெட்கத்தோடு.

“நல அலுவலகம்!”

“அடா,” என்றார் அந்த அம்மாள். மலாயில் ‘இருக்கிறேன்’ என்று அர்த்தம். குரல் தெளிவாக இருந்தது. அந்தத் திடலில் எத்தனை தலைமுறைக் குரல்கள் கம்பெனிக்குப் பதில் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதே இடத்தில் இப்போது எங்களுக்குப் பதில் வந்தது. கையில் இருந்த சோற்றுப் பையின் கனம்கூடத் தெரியவில்லை எனக்கு.

“ஒய்.பி.!”

“ஒய்.பி. சிரம்பான்ல மீட்டிங்ல இருக்கார். அவர் சார்பா நான் இருக்கேன்,” என்றார் உதவியாளர்.

“தம்பி, உன் பேரைக் கூப்பிட்டா நீ பேசு,” என்றார் மண்டோர் மாமா. மூன்று முறை கூப்பிட்டார். “ஒய்.பி., பேர் இல்லை.”

“கல்வி அலுவலகம்!”

பதில் இல்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது ஒரு பிள்ளை விழித்து அழுதது. “கல்வி, பேர் இல்லை.”

அந்த ஒருவர் இல்லாமல் மற்றவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான்கு வயதுக்கு மேல் என்ன செய்வது என்று கல்விதான் சொல்ல வேண்டும் என்றார் அம்மாள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கட்டடத்தைப் பற்றிப் பேச முடியும் என்றார் உதவி மானேஜர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழி முழுக்கக் கல்வி அலுவலகத்துக்கு விழுந்த திட்டுகளை நான் காலண்டரில் எழுதவில்லை. கையுறை அக்கா மட்டும் ஒரு காலண்டரை நிரப்பியிருப்பார்.

“படிச்ச மனுசன். ஒரு நாள் விடியக்காலைல எழுந்திருக்க முடியல.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சி என்னைக் கேண்டீன் ஓரத்துக்கு அழைத்துப்போனாள். “நாளைக்குச் சூப்பர்வைசர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்க்கா. இழுத்துக்கிட்டே இருந்தா வேற யாருக்காவது கிடைக்கறதும் கெட்டுப்போகும்.” குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாலையில் பஸ் லயத்து வளைவில் திரும்பியபோது, டிரைவர் வேகத்தைக் குறைத்தார். திடலின் நடுவில் ஓர் ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மார்பில் பெயர் அட்டை, கையில் கோப்பு. கோயில் பக்கத்தில் கார். ஆயா கொட்டகை வாசலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இறங்கியதும் அவர் எங்களை நோக்கி வந்து, மலாயில், கூட்டம் இங்கேதானே, நான் முந்தி வந்துவிட்டேனா என்று கேட்டார்.

நான் பையைத் துழாவிக் கடிதத்தின் நகலை எடுத்தேன். நாள் இருந்தது. இடம் இருந்தது. 5.30 என்று இருந்தது. காலை என்ற சொல் இல்லை. நான் எழுதி, கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் படித்து, ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. எங்களுக்குப் பெரட்டு என்றாலே விடிகாலை. அவர் பெரட்டையே அறியாதவர். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து, காலியான திடலில், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, நின்றிருக்கிறார்.

“காலைல இவரையா அந்தத் திட்டு திட்டினோம்,” என்று கையுறை அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

தங்கச்சி யாரையும் கேட்கவில்லை. நேரே மண்டோர் மாமா வீட்டுக்கு நடந்தாள். அவர் சாரமும் தோளில் துண்டுமாக, காப்பி டம்ளரோடு வெளியே வந்தார்.

“சாயங்காலப் பெரட்டா? தோட்டம் தொறந்த நாள்லேர்ந்து கிடையாதே, பிள்ள.”

“தப்பா பேரை வெட்டிட்டோம் மாமா. அந்த மனுசன் வந்து நிக்கிறாரு.”

அவர் திடலைப் பார்த்தார். டம்ளரைப் படியில் வைத்தார். “வெட்டின பேரைத் திருப்பிப் போடணும்னா பெரட்டு வச்சாத்தான் போட முடியும். இரு, சட்டையை மாத்திட்டு வரேன்.”

நல அலுவலகத்து அம்மாளுக்குப் போன் செய்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், ரெம்பாவைத் தொட்டுவிட்டாராம். காரைத் திருப்புகிறேன் என்றார். உதவி மானேஜர் ஆபீஸிலிருந்து நடந்தே வந்தார். காலையில் நின்ற வரிசையிலேயே மறுபடி நின்றோம், இப்போது வேர்வையோடு. செம்பனைகளுக்கு மேலே வெளிச்சம் இன்னும் இருந்தது. அந்த வெளிச்சத்தில் பெரட்டைப் பார்த்தவர்கள் எங்களுக்கு முன் யாரும் இருந்திருக்க முடியாது.

“கல்வி அலுவலகம்!”

முதல் குரலிலேயே, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல அவர் கையை உயர்த்தி, “அடா,” என்றார்.

“பேர் போட்டாச்சு,” என்றார் மண்டோர் மாமா. எங்கள் வரிசையில் பெருமூச்சு ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனது.

அதற்குப் பிறகு தங்கச்சி முன்னால் வந்தாள். “இப்ப பிள்ளைங்களுக்குப் பெரட்டு,” என்றாள். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அம்மாளிடம், நான்கு ஆனவர்கள் ஐயாவிடம். அவள் சொன்னதை நான் மலாயில் சொன்னேன். ஆயா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் போய்விட்டது. ஓடிப்போய் நின்றன. அண்ணன் தங்கை இருவர் மட்டும் கையை விட மாட்டோம் என்று அழுதார்கள்.

கடைசியில் தங்கச்சி மகள். அம்மாளிடம் போனாள். அம்மாள் வயதைக் கேட்டார். செப்டம்பரில் நான்கு. அதற்குப் பிறகு என் விதியில் இடமில்லையே, ஐயாவிடம் போ என்று மெல்லச் சொன்னார். பிள்ளை ஐயாவிடம் நடந்தாள். அவர் கோப்பைத் திறந்து பார்த்தார். இந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு சேர்ந்தாலும் வகுப்பு மதியத்தோடு சரி என்றார். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதி வழி திரும்பி வந்து, நடுவில் புல்லில் உட்கார்ந்து, கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்னத் தொடங்கினாள்.

“இந்தப் பிள்ளை யாரோடது?” என்றாள் தங்கச்சி. சத்தமாகக் கேட்கவில்லை. பிறகு மலாயிலும் தானே கேட்டாள்.

கல்வி அதிகாரி கோப்பை மூடினார்.

“எனக்குத் தெரியவில்லை,” என்றார்.

அரசாங்க அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். பரிசீலிக்கப்படும், கவனத்தில் கொள்ளப்படும், உரிய பிரிவுக்கு அனுப்பப்படும் என்றெல்லாம் படித்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை எதிலும் படித்ததில்லை. ஓர் அதிகாரி, எங்கள் திடலில் நின்று, ஒரு பிள்ளையைப் பார்த்தபடி அதைச் சொன்னார். அவர் அதோடு நிறுத்தவுமில்லை. மதியத்திலிருந்து பஸ் வரும்வரை உள்ள நேரம் எந்த ஆபீஸின் பொறுப்பிலும் இல்லை என்று மேலே எழுதுகிறேன், நானே நேரில் பார்த்தேன் என்றும் எழுதுகிறேன் என்றார்.

அம்மாள் நடந்து வந்து பிள்ளையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “அதற்குப் பதில் வரும்வரை இவள் என்னோடவள்,” என்றார்.

மண்டோர் மாமா இன்னும் “கலையலாம்” என்று சொல்லவில்லை. அதனால் மூவரும் அங்கேயே நின்று பேச வேண்டியதாயிற்று. பேசி முடித்ததை அவர், அந்தக் காலத்தில் ஆளுக்கு இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுத்தது போல, உரக்கச் சொன்னார்.

“நல அலுவலகம், ஆண்டு முடியற வரைக்கும் தற்காலிக அனுமதி, ஆயாவைப் பயிற்சிக்கு அனுப்பறது. கல்வி, மேலே எழுதறது, மத்தியானத்துக்குப் பள்ளி மண்டபம் கிடைக்குமான்னு கேக்கறது. கம்பெனி, கட்டடத்துக்குச் சம்மதக் கடிதம், ரெண்டாவது வாசல். ஒய்.பி., பேர் இல்லை.”

இந்த முறை அதிகாரிகளும் சிரித்துவிட்டார்கள். மாதத்தின் முதல் திங்கள்தோறும் பெரட்டு, காலையில் என்று முடிவானது. காலை என்று நான் அழுத்தி எழுதினேன்.

ஆகஸ்டு முதல் திங்களன்று நாங்கள் திடலுக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் ஒருவர் இருட்டில் நின்றிருந்தார். ஒய்.பி.யேதான். கூட உதவியாளர் இல்லை, படம் எடுப்பவர் இல்லை. மண்டோர் மாமா கூப்பிட்டதும், “இருக்கேன்,” என்றார். கையுறை அக்கா என் விலாவில் இடித்தார். “விடிஞ்சிருச்சு லா அவருக்கு.”

அதே நாளில் தங்கச்சி லைன் லீடரின் நீல வில்லையை அணிந்துகொண்டு பஸ் ஏறினாள். செப்டம்பரில் மகளுக்கு நான்கு முடிந்தது. மறுநாளும் பிள்ளை கொட்டகைக்குத்தான் போனாள், யாரும் தடுக்கவில்லை. ஆயா சனிக்கிழமைகளில் பயிற்சிக்குப் போகிறார். பின்புறம் இரண்டாவது வாசலை உடைத்துத் திறந்திருக்கிறார்கள், கதவு இன்னும் மாட்டவில்லை. பள்ளி மண்டபத்துக்குப் பதில் வரவில்லை.

தற்காலிக அனுமதி ஆண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகும் கொட்டகை திறந்திருக்க, கம்பெனியின் சம்மதக் கடிதம் வேண்டும். தலைமை அலுவலகத்தில் கையெழுத்தாகிவிட்டது என்று உதவி மானேஜர் அக்டோபர் பெரட்டில் சொன்னார். தன் கைக்கு வரவில்லை என்று நல அலுவலகத்து அம்மாள் அதே பெரட்டில் சொன்னார். இரண்டும் என் காலண்டரில் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லும் யாரையும் சந்திக்கவும் இல்லை. அது கையெழுத்தானதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.